பீளை துடைத்த காலம்

எண்ணெய், கிறீஸ், அழுகின மீன், அடைபட்ட சாக்கடைக் கான், இவை எதுவும் எனக்குப் பெரிய விஷயமில்லை. உள்துறைமுகக் கரையோரம், மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின்களுக்கு உதிரிப்பாகம் விற்கும் கடையொன்றில் பல வருடமாக வேலை செய்கிறேன். திருத்தக் கொண்டுவரும் எஞ்சின்களின் தண்ணீர்க் குழாய்க்குள் செத்த நண்டும் நாறிய பாசியும் இருக்கும். விரலை விட்டு வழித்தெடுத்து, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, அதே கடையின் பின்பக்கத்தில் இருந்து சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிடுவேன். ஆனால் மனிதர்களின் கண்ணிலிருந்து வடிவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிரட்டும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரின் கண் மூலையில் ஒரு பொட்டு மஞ்சள் தெரிந்தால் போதும், எழும்பி நின்றுகொண்டே வருவேன்.

அப்படிப்பட்ட என் கையில்தான் மாமியின் கண்கள் வந்து சேர்ந்தன.

மாமி என்றால் மனைவியின் தாய். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். லிங்கநகரில் நாங்கள் இருக்கும் வீடு மனைவிக்குச் சீதனமாக வந்தது, அதனால் மாமியும் எங்களோடு இருந்தார். சல்லிக் கடற்கரையில் பிறந்து, மாமா கடலுக்குப் போய்த் திரும்பாமல் போனபிறகு கருவாடு காயவைத்து விற்று இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். மூத்தவன் என் மச்சான், நிலாவெளியில் வெள்ளைக்காரர்களை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போய்க் கடல் காட்டுகிறான். இளையவள் என் மனைவி. அவள் வெளிநாட்டில் முதியவர்களைப் பராமரிக்கும் வேலைக்குப் போனபின் வீட்டில் நானும் மாமியும் மட்டும்தான்.

எங்கள் இருவருக்கும் இடையில் சண்டையும் இல்லை, நெருக்கமும் இல்லை. நான் விறாந்தையில் இருந்தால் அவர் கதிரையில் இருக்கமாட்டார். சாப்பாட்டை மேசையில் மூடி வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவார். என்னிடம் சொல்லவேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்வார். அந்தத் தூரம் எனக்கும் வசதியாகவே இருந்தது.

மாரி முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய நாட்களில் ஊரில் கண்நோய் பரவியது. முதலில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு, பிறகு அவர்களின் தாய் தகப்பனுக்கு, பிறகு எல்லாருக்கும். கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள். கண்ணாடியைத் தூக்கிக் கண்ணைக் கசக்கிவிட்டு, அதே கையால் காசு தருவார்கள். என்னோடு வேலை செய்யும் குறிஞ்சாக்கேணிக்காரர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு வந்தபோது நான் அவர் தொட்ட பேனையைக்கூடத் தொடவில்லை. ஆனாலும் எனக்கு வந்தது.

ஒரு காலை விழித்தேன், கண் திறக்கவில்லை. இரண்டு இமையும் பசை வைத்ததுபோல் ஒட்டிப்போயிருந்தன. விரலால் தடவினால் மொறுமொறுவென்று காய்ந்த பீளை. சுவரைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் அடித்து அடித்துத்தான் திறந்தேன். திறந்ததும் கையில் கிடந்ததைப் பார்த்து அங்கேயே ஓங்காளித்தேன். என் கண்ணிலிருந்து வந்ததுதான், ஆனால் அதற்காக அருவருப்புக் குறையவில்லை.

ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பகுதியில் இருந்த டொக்டர் தலையைத் தூக்காமலே சொல்லிவிட்டார். இது தானாக மாறும், கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடை, துவாயை வேறு யாருக்கும் கொடுக்காதே, கண்ணைக் கசக்காதே, வலி கூடினாலோ பார்வை மங்கினாலோ உடனே வா. நான் அப்படியே செய்தேன். கொஞ்ச நாளில் சிவப்பு வடிந்து, காலையில் கண் தானாகத் திறக்கத் தொடங்கியது.

மாமியின் கண்ணும் அப்போது சிவந்திருந்தது. எனக்கு வந்ததுதான் அவருக்கும் வந்திருக்கிறது என்று நினைத்தேன். உண்மையில் என்னுடையதற்குக் கனகாலம் முந்தியே அவருடைய இடது கண் கலங்கியபடி இருந்தது. அடுப்புப் புகை, வயது, மகள் போன கவலை என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னோம். ஊரில் கண்நோய் வந்ததும் எல்லாருக்கும் ஒரு பெயர் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு ஒருவரும் யோசிக்கவில்லை.

மச்சானுக்குத் தகவல் சொன்னேன். மோட்டார்சைக்கிளில் வந்தான், கேற்றுக்கு வெளியிலேயே நின்றான். ஹெல்மெற்றைக் கழற்றவில்லை. தாய் முற்றத்துக்கு வரப் பார்த்தபோது, கையைக் காட்டி அங்கேயே நிற்கச் சொன்னான். வெள்ளைக்காரரோடு பழகுகிறவன், தனக்குத் தொற்றினால் பிழைப்புப் போய்விடும் என்று எனக்கு விளக்கினான். பாமசியில் யாரோ நல்லது என்று கொடுத்த சொட்டுமருந்தை ஒரு பையில் போட்டுக் கேற்றுக் கொழுக்கியில் மாட்டிவிட்டுப் போனான்.

அந்த மருந்து மாயம்போல் வேலை செய்தது. இரண்டாம் நாளே சிவப்பு வெளுத்துவிட்டது. மாமிக்கு மகனை நினைத்துப் பெருமை. முன்வீட்டு மனுசி, கண்ணில் எது வந்தாலும் தன்னிடம் மருந்து இருக்கிறது என்பவள், அவளே வந்து அந்தப் போத்தலை வாங்கித் தன் கண்ணிலும் விட்டுப் பார்த்தாள். போத்தலின் மூக்கு மாமியின் இமையில் பட்டு, அவளின் இமையில் பட்டு, திரும்ப மாமியின் இமைக்கு வந்தது. அதைச் சுற்றி மஞ்சளாக ஒரு வளையம் காய்ந்து பிடித்திருந்தது. அதைப் பார்த்த அன்று நான் காலைச் சாப்பாடு சாப்பிடவில்லை.

பிறகு சிவப்பு திரும்பி வந்தது, முந்தியதைவிட மோசமாக. தண்ணீர் வடிவது நிற்கவேயில்லை. இடது கன்னத்தில் கண்ணீர் ஓடிய இடம் வெந்து தோல் உரிந்திருந்தது. ஈக்கள் வந்து மொய்க்கும், மாமி சேலைத் தலைப்பால் விசுக்கி, அதே தலைப்பால் துடைப்பார். அந்தத் தலைப்பு விறைத்துப்போய் இருக்கும். வெளிச்சம் பட்டால் முகத்தைப் பொத்திக்கொள்வார். முன்வீட்டு மனுசி, பிள்ளை பெற்று வந்திருந்த தன் மகளின் முலைப்பாலை ஒரு சின்னக் கிண்ணத்தில் கொண்டுவந்து ஊற்றினாள். மற்ற நாள் நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிப் பிழிந்தாள். பால் இமையோரத்தில் புளித்து, வெயிலுக்கு அந்த நாற்றம் விறாந்தை வரைக்கும் வந்தது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலைக்குப் போனேன்.

ஒருநாள் மனைவி வீடியோ அழைப்பில் வந்தாள். தாய் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கதைத்தார். கழற்றச் சொன்னாள், மாட்டேன் என்றார். பிறகு மகள் அழத் தொடங்கவே கழற்றினார். பார்த்ததும் அவள் என்னைக் கூப்பிட்டாள்.

“அந்தக் கண்ணைக் கடைசியா ஆர் துடைச்சது?”

ஒருவரும் இல்லை என்றேன். அவரே துடைக்கிறார் என்றேன்.

“கண் தெரியாத மனுசி என்னெண்டு தன்ர கண்ணைத் துடைக்கிறது? நான் இஞ்ச ஆற்றையோ தாயைக் கழுவித் துடைச்சுக்கொண்டு இருக்கிறன். என்ர தாயை நீங்க துடையுங்கோ.”

எப்படிச் செய்யவேண்டும் என்று அவளே சொன்னாள். கையைக் கழுவு. கொதித்து ஆறிய தண்ணீர். மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக ஒரே இழுவை, திரும்ப அதே பஞ்சால் துடைக்காதே. ஒரு கண்ணுக்குப் பாவித்த பஞ்சு மற்றக் கண்ணுக்குப் போகக்கூடாது. காய்ந்ததை உரிக்காதே, நனைத்து ஊறவிடு. போத்தலைக் கண்ணில் முட்டாதே. வேலைக்குப் படித்த பாடம் அது.

அடுத்த நாள் காலை மாமியை முற்றத்துக் கதிரையில் இருத்தினேன். எனக்கு முன்னால் கதிரையில் இருக்க அவருக்கு வெட்கம். முந்தானையை இழுத்து இழுத்து மூடினார். அவருடைய முகத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததேயில்லை. பார்க்க விரும்பியதும் இல்லை. இடது இமையில் பச்சை கலந்த மஞ்சள் நூலாகத் தொங்கியது. நனைந்த பஞ்சை வைத்ததும் அது கரைந்து வழுக்கி என் விரல் இடுக்குக்குள் வந்தது. சூடாக இருந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. வாய்க்குள் எச்சில் ஊறி ஊறி வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு துடைத்தேன், வேலிப் பக்கம் திரும்பி மூச்சு விட்டேன், திரும்பவும் அடக்கிக்கொண்டு துடைத்தேன்.

மாமி கண்ணை மூடியபடியே சொன்னார்: “மூச்சை விட்டுட்டுத் துடையுங்கோ மருமகன். பிடிச்சுக்கொண்டு துடைச்சா உங்கட கை நடுங்குது. எனக்குக் குத்துது.”

திட்டும் குரலில்லை. கெஞ்சும் குரலும் இல்லை. தேங்காய் துருவுகிற ஆளுக்கு, கொஞ்சம் மெல்லமாகத் துருவு என்று சொல்வதுபோலச் சொன்னார். நான் மூச்சை விட்டேன். நாற்றம் முழுதாக உள்ளே போனது. கை நடுக்கம் கொஞ்சம் குறைந்தது.

இப்படியே நாட்கள் போயின. அருவருப்புப் பழகிவிடும் என்று மனைவி சொன்னாள், எனக்குப் பழகவில்லை. பழகியது வேலை மட்டும்தான். துடைத்து முடித்துப் பஞ்சைப் பையில் கட்டி எறிந்தாலும் அன்றைக்குக் கடையில் கிறீஸைத் தொடும்போது அந்த வழுவழுப்பு நினைவுக்கு வரும். மீன்குழம்பில் மிதக்கும் புளியைப் பார்த்தால் சோறு இறங்காது. மாமி அதைக் கவனித்திருக்கிறார். நான் சாப்பிட்டு முடித்த பிறகுதான் முற்றத்துக்கு வந்து கதிரையில் இருப்பார். அதற்கு முந்தி நான் கூப்பிட்டாலும் ஏதாவது வேலை இருக்கிறதென்று சொல்லிவிடுவார்.

ஆனால் ஒரு விஷயம் எனக்கு உறுத்தத் தொடங்கியது. எனக்கு வந்த நோய் போய்விட்டது. குறிஞ்சாக்கேணிக்காரருக்கும் போய்விட்டது. ஊர் முழுதும் அடங்கிவிட்டது. மாமியுடையது மட்டும் ஏன் நிற்கிறது? என்னுடையது ஒட்டியது, அரித்தது, ஆனால் குத்தவில்லை. மாமி எப்போதும் குத்துது, மண் கிடக்குது என்றுதான் சொல்வார். இன்னொன்றும் இருந்தது. தனியாக இருக்கும்போது இடது கையால் கன்னத்தைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டே இருப்பார். யாராவது வந்தால் கையை எடுத்துவிடுவார். அது ஏதோ கிழட்டுப் பழக்கம் என்று நாங்கள் விட்டிருந்தோம்.

ஒரு ஞாயிறு, வெயில் நன்றாக விழும் இடமாகப் பார்த்துக் கதிரையைப் போட்டேன். வழக்கமாக நான் பீளையைத்தான் பார்ப்பேன், கண்ணைப் பார்க்கமாட்டேன். அன்று நன்றாகக் கிட்டக் குனிந்து பார்த்தேன். கீழ் இமையில் மயிரே இல்லை. இமையின் விளிம்பும் தெரியவில்லை. தோல் அப்படியே உள்ளே சுருண்டு கண்ணுக்குள் போயிருந்தது. அவர் செய்வதுபோலவே கன்னத்தில் விரலை வைத்து மெதுவாகக் கீழே இழுத்தேன். உள்ளேயிருந்து இமை புரண்டு வெளியே வந்தது. அதோடு நனைந்துபோன மயிர்களும் வந்தன. சில நீளமாக, பீளை பூசிக்கொண்டு. சில கட்டையாக, சவரம் செய்த தாடிபோல முள்ளாக நின்றன. அத்தனையும் இவ்வளவு காலமும் விழியில்தான் உரசிக்கொண்டிருந்திருக்கின்றன.

மாமி நீளமாக மூச்சு விட்டார். “இப்ப குத்தேல்ல” என்றார்.

கையை எடுத்தேன். அவர் இமைத்தார், இமை உடனே உள்ளே சுருண்டது.

அந்தக் கட்டை மயிர்கள் எப்படி வந்தன என்று கேட்டேன். முன்வீட்டு மனுசி, புருவம் எடுக்கும் சாவணத்தால் பிடுங்கிவிட்டாளாம், கனதரம். பிடுங்கினால் கொஞ்ச நாளைக்குச் சுகம், திரும்ப முளைத்தால் ஊசிபோலக் குத்தும். சில பாதியில் முறிந்துவிடும். அப்படியென்றால் மயிர் உள்ளே போகிறதென்று மாமிக்கு முந்தியே தெரிந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“மகனுக்குச் சொன்னனான்” என்றார். “கண்ணுக்குள்ள மயிர் வளருது எண்டு. போன தீவாளிக்கு முதல். வயசு போனா அப்பிடித்தானம்மா, அதைப் போய்ப் பெரிசாக் கதைக்காதேங்கோ எண்டவர். பிறகு நான் ஆருக்குச் சொல்றது? மருமகனுக்குச் சொல்ற கதையே இது?”

அன்றைக்கு எனக்கு வந்த அருவருப்பு கண்ணைப் பார்த்து வந்ததல்ல. கேற்றுக்கு வெளியே ஹெல்மெற்றோடு நின்ற உருவத்தை நினைத்து வந்தது. பீளை நாறியது, ஆனால் அதில் யாருடைய குற்றமும் இல்லை.

அடுத்த கண் கிளினிக் நாளில் கடைக்கு லீவு போட்டுவிட்டு மாமியைக் கூட்டிக்கொண்டு போனேன். வருகிறாயா என்று மச்சானைக் கேட்டேன். அன்றைக்கு வள்ளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்றான். கிளினிக் வாசலில் நீள வாங்குகளில் ஊரின் கண்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. வெள்ளை விழுந்த கண், விழியின் மேல் சதை படர்ந்த கடற்காரரின் கண், கண்கட்டி வீங்கி மூடிப்போன கண். ஒருவர் கண்ணைத் துடைத்த லேஞ்சியை உதறிப் பக்கத்து வாங்கில் காயப்போட்டார். மின்விசிறி அந்தக் காற்றை எல்லாம் சேர்த்து எங்கள் முகத்தில் அடித்தது. நான் மாமியின் பக்கத்தில், சுவரோடு ஒடுங்கி இருந்தேன்.

டொக்டர் ஓர் இளம்பெண். சிங்களப் பிள்ளை, தமிழைப் படித்துக் கதைத்தார். மாமியின் தாடையை மெசினில் வைக்கச் சொல்லி, ஒரு நிறத் துளியை விட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தார். பார்த்துக்கொண்டிருந்தவரின் முகம் மாறியது. இமை தளர்ந்து உள்பக்கம் திரும்பிவிட்டது, வயதானவர்களுக்குச் சாதாரணமாக வருவதுதான், சின்னச் சத்திரசிகிச்சையால் நேராக்கலாம் என்று முதலில் சொன்னார். இது ஒருவருக்கும் தொற்றாது என்றும் சொன்னார். பிறகு, வேறு ஏதாவது மருந்து விட்டீர்களா என்று கேட்டார். நான் பையிலிருந்து மச்சானின் போத்தலை எடுத்துக் கொடுத்தேன். அதன் மூக்கில் இருந்த வளையத்தைக் கண்டு அவரும் விரல் நுனியால்தான் பிடித்தார்.

பெயரை வாசித்தவர் என்னைப் பார்த்தார். “இது யார் தந்தது?”

மகன் பாமசியில் வாங்கியது என்றேன்.

“இது சிவப்பு மட்டும் மறைக்கும். உள்ளே புண் இருந்தா, புண் பெரிசாகும். டொக்டர் பார்க்காம இது ஊத்தக் கூடாது. இப்ப அம்மாவுக்கு கறுப்பு முழியில புண் இருக்கு.”

மயிர் உரசி உரசி விழியில் கீறல் விழுந்திருக்கிறது. கீறலில் கிருமி போயிருக்கிறது. முலைப்பாலும் பூச்சாறும் அதற்குத் தீனி போட்டிருக்கின்றன. சிவப்பை வெளுக்க வைத்த மருந்து, கிருமியோடு சண்டைபோடும் பலத்தையும் கண்ணிலிருந்து எடுத்துவிட்டது. இதை எல்லாம் டொக்டர் எனக்கு அவசரப்படாமல் ஆறுதலாக, சொல் தேடிச் சொன்னார். போத்தலைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினார். நல்லது என்று சொல்லி எடுத்துக் கொடுத்த பாமசிக்காரன், பார்க்காமல் வாங்கிய மகன், பார்க்காமல் ஊற்றிய நாங்கள். ஒரு மனுசியின் கண் எத்தனை பேரின் கையால் அழுகியிருக்கிறது என்று நினைக்க எனக்கு அந்த அறைக்குள் நிற்க ஏலாமல் போனது.

அன்றே மாமியை வார்டில் வைத்துக்கொண்டார்கள். கீழ் இமையைக் கன்னத்தோடு சேர்த்துப் பிளாஸ்டர் ஒட்டி வெளியே இழுத்து வைத்தார்கள். அந்த ஒரு துண்டுப் பிளாஸ்டரால் மயிர் உரசுவது நின்றது. இரவும் பகலுமாக மணிக்கொரு தரம் கிருமி மருந்து விட்டார்கள். பார்வையாளர் நேரத்துக்கு நான் போவேன். பெண்கள் வார்டு, கொஞ்ச நேரம்தான் நிற்கலாம். மாமி ஒட்டிய பிளாஸ்டரோடு, ஒரு பக்கம் கோணிய முகத்தோடு இருப்பார். குத்து இல்லை என்பார். வேறொன்றும் கதைக்கமாட்டார். மச்சான் ஒருநாள் வந்து வார்டு வாசலில் நின்று எட்டிப்பார்த்துவிட்டுப் போனானாம். தொற்றாது என்று நான் போனில் சொல்லியிருந்தேன். ஓம் மச்சான், இருந்தாலும், என்றான்.

புண் ஆறியது, ஆனால் ஆறிய இடத்தில் விழியின்மேல் வெள்ளையாக ஒரு தழும்பு நின்றது. அது போகாது, அந்தக் கண்ணில் பார்வை மங்கல்தான் என்று சொல்லிவிட்டார்கள். வலது இமையும் சுருளத் தொடங்கியிருந்தது. அதில் இன்னும் புண் வரவில்லை. கொஞ்ச நாள் விட்டு இரண்டு இமைக்கும் சத்திரசிகிச்சை செய்தார்கள். முகத்தை மட்டும் விறைக்க வைத்துச் செய்கிற சின்ன வேலை, அன்று பின்னேரமே வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். இந்தச் சின்ன வேலையைப் போன தீவாளிக்கு முதலே செய்திருந்தால் இடது கண்ணும் முழுதாகத் தப்பியிருக்கும்.

மாமி வீட்டுக்கு வந்த மறுநாள் மச்சான் வந்தான். இந்த முறை கேற்றைத் திறந்து உள்ளே வந்தான். அவன் மனைவி கூடையில் அப்பிளும் முந்திரிகைக் குலையும் கொண்டுவந்திருந்தாள். தாய்க்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான், தோளில் கையைப் போட்டான், மற்றக் கையால் போனைத் தூக்கிப் பிடித்தான். அம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று போட்டோவோடு போடப்போவதாகச் சொன்னான். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் எல்லாரும் கேட்கிறார்களாம்.

மாமியின் இடது கண் மூடியிருந்தது. இமையோரத்துத் தையலைச் சுற்றிப் பூசின களிம்பும் கசிந்த இரத்தமும் சேர்ந்து காய்ந்து கறுத்த கட்டியாக ஒட்டியிருந்தது. காலைத் துடைப்புக்கு நான் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டிருந்த நேரம் அது. மாமி மகனின் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார்.

“படம் எடுக்கிறதெண்டா எடு. முதல்ல கண்ணைத் துடைச்சுவிடு. அங்க பஞ்சு இருக்கு, தண்ணி இருக்கு. கையைக் கழுவிப்போட்டு வா.”

அவன் சிரித்தான். மச்சான் செய்வார்தானே என்று என்னைக் காட்டினான். மாமி திறந்த வலது கண்ணால் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவன் மனைவி கூடையை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். கடைசியில் எழும்பிப்போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தான். பஞ்சை நனைத்து இமையில் வைத்தான். நான் பக்கத்தில் நின்றேன், தையலில் இழுபடாமல் பார்க்கவேண்டும் என்று. களிம்பு ஊறி, பழுப்பாகக் கரைந்து அவன் விரலில் இறங்கியது. பஞ்சைத் தாயின் மடியில் போட்டுவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினான். அங்கே அவன் சத்தி எடுக்கும் சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

எனக்குச் சந்தோசமாக இருந்திருக்கவேண்டும். கொஞ்சம் இருந்தது என்பதும் உண்மைதான். ஆனால் நானும் அதே கிணற்றடியில் அப்படித்தான் நின்றிருக்கிறேன். அவன் முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது கண்ணெல்லாம் சிவந்து, மூக்கு ஒழுகி, பார்க்கச் சகிக்கவில்லை. படம் எடுக்கவில்லை. தாயின் காலடியில் கொஞ்ச நேரம் இருந்தான். என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் மிச்சத்தைத் துடைத்து முடித்துவிட்டு வேலைக்கு வெளிக்கிட்டேன்.

பின்னேரம் போனில் பார்த்தேன். போன வருடக் கோயில் திருவிழாவில் தாயோடு நின்ற பழைய படமொன்றைப் போட்டிருந்தான். அம்மாவின் கண்களை மீட்டெடுத்தோம் என்று எழுதியிருந்தான். கீழே நூற்றுக்கணக்கில் கும்பிடும் கைகள். நல்ல பிள்ளை, பெத்த மனதைக் குளிர்வித்தாய் என்று வாழ்த்துகள். என் மனைவி மட்டும் அதில் ஒன்றும் எழுதவில்லை. அவன் வாங்கிக்கொடுத்த சொட்டுமருந்தைப்பற்றி நான் அவளுக்கு எல்லாம் சொல்லியிருந்தேன். எஞ்சினுக்குள் நாறிக்கிடக்கும் பாசியை வழிக்கும்போதுகூட எனக்கு அப்படிக் குமட்டியதில்லை. போனைக் கவிழ்த்து வைத்தேன். அதைப்பற்றி அவனோடு நான் இன்றுவரை கதைக்கவில்லை. கதைத்து என்ன வரப்போகிறது?

தையல் எல்லாம் கழன்று இப்போது இமைகள் நேராக நிற்கின்றன. வலது கண் நன்றாகத் தெரிகிறது. இடது கண்ணில் பொலித்தீனுக்குள்ளால் பார்ப்பதுபோல் இருக்கிறதாம். கண் காயாமலிருக்க ஒரு சொட்டுமருந்து தந்திருக்கிறார்கள். அதை மாமி தானே விட்டுக்கொள்கிறார், இடைக்கிடை தவறி மூக்கில் விழும். துடைக்கும் வேலை முடிந்துவிட்டது. மாமி திரும்பவும் நான் இருக்கும் இடத்தில் கதிரையில் இருப்பதில்லை. ஆனால் சுவரைப் பார்த்துக் கதைப்பதை விட்டுவிட்டார்.

முன்வீட்டு மனுசி இன்னும் கிண்ணத்தோடு வருகிறாள். கிளினிக்கில் சொன்னதை எல்லாம் அவளுக்கு விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, டொக்டர்மார் அப்படித்தான் சொல்வார்கள் என்றாள். அடுத்த தெருவில் ஒரு பிள்ளைக்குக் கண்கட்டி வந்தபோது அதே சாவணத்தைக் கொண்டு போனாளாம். மாமிதான் அந்த வீட்டுக்குப் போய், கட்டியைப் பிதுக்க வேண்டாம், சுடுதண்ணீரில் துணியைப் பிழிந்து ஒற்றினால் போதும், வற்றாவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று தடுத்துவிட்டு வந்தாராம். வந்து என்னிடம் சொன்னபோது அவருடைய முகம் சுளித்திருந்தது.

“அந்தச் சாவணத்தைக் கண்டனீங்களே மருமகன்? நுனியெல்லாம் துருப்பிடிச்ச கறள். என்ர கண்ணுக்குள்ள விட்டதும் அதைத்தானே. எனக்கு ஓங்காளிக்குது.”

சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய்க் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். பிறகு சோற்றுக் கோப்பையை மேசையில் வைத்து மூடினார்.